முதுகுவலிக்கு ட்ரமடால்: நிறுத்தவும் முடியவில்லை, தொடரவும் பயமாக இருக்கிறது

பள்ளிபாளையம் தறிக்காரர் கேட்டது:

வணக்கம். எனக்கு வயது 43. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். இடுப்பு முதுகெலும்பில் எல்4-எல்5 டிஸ்க் விலகி ஆபரேஷன் செய்து இரண்டு வருடம் ஆகிறது. இடது கால் மரத்துப்போவது சரியாகிவிட்டது, இடுப்பு வலி மட்டும் போகவே இல்லை. அப்போது எழுதிக் கொடுத்த ட்ரமடால் 50 மில்லிகிராம் கேப்ஸ்யூல் காலை, மதியம், இரவு என்று இன்றுவரை ஓடுகிறது. ஆரம்பத்தில் நன்றாகக் கேட்டது. இப்போது போட்டாலும் வலி இருக்கிறது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துவிட்டது. மறுநாள் மதியத்துக்குள் கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கு ஒழுகல், வயிற்றுப்போக்கு. இரவு முழுக்கக் காலை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. சளிக்காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். ஊர் திரும்பி ஒரு கேப்ஸ்யூல் போட்டதும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அப்போது வந்த பயம் இன்னும் போகவில்லை.

மருந்துக்கடையில் ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு கேட்கிறார்கள், முகத்தை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பையன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் போதை மாத்திரை பற்றிப் பேசும்போது இந்தப் பெயரைச் சொன்னார்களாம். "அப்பா, இது நீங்க போடுறதுதானே?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

நான் அடிமையாகிவிட்டேனா? இதை விட்டுவிட்டுத் தறியில் நிற்க வழி இருக்கிறதா?

சங்ககிரி லாரி டிரைவர்:

அண்ணா, இதெல்லாம் மனசுதான். ஒரே நாளில் நிறுத்துங்கள், நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் போய்விடும். வலி தாங்காத அன்றைக்கு மட்டும் டைக்ளோபினாக் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வண்டி ஓட்டுகிறேன்.

ஓய்வுபெற்ற செவிலியர், சேலம்:

டிரைவர் தம்பி நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் சொன்ன இரண்டுமே ஆபத்து. அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவு வார்டிலும் புற்றுநோய் வார்டிலும் பல வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தறிக்காரத் தம்பி, முதலில் உங்கள் பையனுக்கான பதில். எழுதிக் கொடுத்த அளவைத் தாண்டாமல் போட்டு வந்தவருக்கும், மாதக்கணக்கில் போட்டால் உடம்பு அந்த மருந்துக்குப் பழகிவிடும். நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். அது உடல் சார்பு. மருந்துக்காக மனம் ஏங்குவது, அளவை மீறிப் போடுவது, வீட்டில் ஒளித்து வைப்பது, வாழ்க்கை கெடுகிறது என்று தெரிந்தும் விட முடியாமல் போவது, இதைத்தான் அடிமைத்தனம் என்போம். நீங்கள் எழுதியதில் உடல் சார்பு மட்டும்தான் தெரிகிறது. பையனிடம் இதை அப்படியே சொல்லுங்கள், அவனுக்குப் புரியும்.

கடைக்காரர் சீட்டு கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018-இல் ட்ரமடாலை மத்திய அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் கொடுத்தால் மாட்டிக்கொள்வது அவர்.

இப்போது, ஏன் சட்டென்று நிறுத்தக்கூடாது? ட்ரமடால் ஒரே மாத்திரையில் இரண்டு வேலை செய்கிறது. அபின் வகை மருந்துகளைப் போல வலியை அடக்குவது ஒன்று. மன அழுத்த மாத்திரைகள் சிலவற்றைப் போல மூளையில் செரட்டோனின் அளவைக் கூட்டுவது இன்னொன்று. அதனால் திடீரென்று விட்டால் உடம்புத் தொந்தரவோடு சிலருக்குப் படபடப்பு, பயம், கை கால் ஊசி குத்துவது போன்றவையும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு வருடத்துக்கு மேல் போட்டவர்களுக்கு மாதத்துக்குப் பத்து சதவீதம் அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பதுதான் பெரும்பாலும் தாங்குகிறது. உங்களுக்கு ஒரு கேப்ஸ்யூல் என்பதே மூன்றில் ஒரு பங்கு. அதை ஒரேயடியாக எடுப்பது பெரிய படி. அதனால்தான் எழுதிக் கொடுக்கும் மருத்துவர் கூடவே இருக்க வேண்டும் என்கிறேன். பாராசிட்டமாலோடு 37.5 மில்லிகிராம் ட்ரமடால் சேர்ந்த மாத்திரை இருக்கிறது, அதை வைத்துச் சிறு படியாக இறக்கலாமா என்று கேளுங்கள். அப்படி மாற்றினால் காய்ச்சலுக்கு டோலோ போடும்போது பாராசிட்டமாலைக் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். மெதுவாகக் கரையும் எஸ்ஆர் மாத்திரை கொடுத்தால் அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. குறைத்த பிறகு, வலிக்கிறதே என்று பழைய அளவுக்கு நீங்களாகத் தாவாதீர்கள். அதற்குள் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும்.

தூக்க மாத்திரையோ மதுவோ இதனோடு சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகலாம். வலிப்பு வந்தவர்களும், மன அழுத்த மருந்து எடுப்பவர்களும் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

டைக்ளோபினாக் விஷயம். வருடக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு என்று வரிசையாக வரலாம். டிரைவர் தம்பி, நீங்களும் ஒருமுறை சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இத்தனை கஷ்டப்பட்டுக் குறைப்பது வீண் இல்லை. 2018-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் நாள்பட்ட முதுகுவலி, மூட்டுவலி உள்ள 240 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். மார்பின், ஆக்ஸிகோடோன் போன்ற அபின் வகை மருந்துகளில் தொடங்கியவர்கள், பாராசிட்டமால் வகையில் தொடங்கியவர்களைவிட நன்றாக நடமாடவில்லை. நீண்ட நாள் போட்டால் சிலருக்கு இந்த வகை மருந்தே நரம்பை வலிக்குக் கூர்மையாக்கிவிடும்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. இதையெல்லாம் படித்துவிட்டு, புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு மார்பின் வேண்டாம் என்று யாரும் தடுத்துவிடாதீர்கள். அந்தப் பயத்தாலேயே கதறிக் கதறிப் போனவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கிடைக்க வழி செய்யத்தான் 2014-இல் அந்தப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தையே திருத்தினார்கள்.

திருப்பூர் தையல்காரம்மா:

அக்கா மருந்து பற்றிச் சொல்லிவிட்டார். நான் வேலை பற்றிச் சொல்கிறேன் அண்ணா. எனக்கும் பல வருட இடுப்பு வலி.

வலி குறைந்த நாளில் விட்டதையெல்லாம் சேர்த்துத் தைத்துத் தள்ளுவேன். அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. பிசியோதெரபி அம்மாதான் அதை மாற்றினார். வலி சொல்வதைக் கேட்டு நிறுத்தாதே, கடிகாரம் சொல்வதைக் கேட்டு நிறுத்து என்றார். நல்ல நாளோ கெட்ட நாளோ, அரை மணிக்கு ஒருமுறை மிஷினை விட்டு எழுந்து நிற்பது, காலையும் மாலையும் பத்து நிமிடம் நடப்பது. தாங்கினால் வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டுவது. வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் ராத்திரி தூங்குகிறேன், ஆர்டரை நேரத்துக்கு முடிக்கிறேன்.

நீங்கள் நின்றே வேலை செய்கிறவர். ஒரு காலைச் சின்னப் பலகை மேல் மாற்றி மாற்றி வைத்து நின்று பாருங்கள். நூல் சுற்றிய கனமான பாவு பீம் தூக்கி மாட்டுவதை மட்டும் இன்னொருவரிடம் விட்டுவிட முடியுமா என்று முதலாளியிடம் கேளுங்கள். பிசியோவுக்கு அலையக் காசு இல்லையென்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பள்ளிபாளையம் தறிக்காரர்:

அக்கா, தங்கச்சி, இரண்டு பேருக்கும் நன்றி. பையனிடம் காட்டினேன், கடைசி வரை படித்தான். பீம் விஷயம் முதலாளியிடம் பேசிவிட்டேன், சரி என்றார். ஒரு சந்தேகம். தூக்கம் வராத நாளில் அல்பிரசோலம் அரை மாத்திரை போடுவேன், அதை வேறொரு டாக்டர் கொடுத்தார். ஆபரேஷன் செய்த டாக்டருக்குத் தெரியாது. குறைக்கும்போது வலி கூடினால் வேறு மருந்து ஏதாவது உண்டா?

ஓய்வுபெற்ற செவிலியர், சேலம்:

அல்பிரசோலம்தான் நான் சொன்ன தூக்க மாத்திரை வகை. இரண்டு சீட்டையும் ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள், இந்த வாரமே. அதையும் நீங்களாக நிறுத்தக்கூடாது, திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம்.

வலிக்கு டியூலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்றவை உண்டு, மன அழுத்தத்துக்கும் கொடுக்கிற மருந்துகள்தான். ஆனால் அவை ட்ரமடாலோடு மோதும், எதை எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நரம்பு வலிக்கான பிரீகேபலின் கொடுத்தால் அதுவும் பழக்கமாகக்கூடியது என்று தெரிந்துகொண்டே போடுங்கள். பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மயக்கவியல் துறையில் வலி சிகிச்சை பார்க்கிறார்களா என்றும் விசாரியுங்கள். இரவில் படபடப்பு தாங்கவில்லையென்றால் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ, காய்ச்சலோடு வலி ஏறினாலோ காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது பழைய எம்ஆர்ஐ பிலிமையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். மலச்சிக்கல் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், அதுவும் இந்த மாத்திரையால் வருவதுதான்.