ரன்னிங் போர்டு துரு: ஃபைபர் போட்டு மூடலாமா, வெட்டி வெல்டிங் பண்ணணுமா?

கீழக்கரை_ரோட்ஸ்டர்
வண்டி 1992 மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை, 1.6 இன்ஜின், சிங்கப்பூர்ல ஓடினது. ஷெட்டுக்கும் கடலுக்கும் முந்நூறு மீட்டர்தான். ரெண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடுற ரன்னிங் போர்டு, பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால, ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் கொப்புளிச்சிருக்கு. ஸ்க்ரூடிரைவரை வச்சு அழுத்தினா உள்ளே இறங்குது. ஹேண்ட்பிரேக் பத்துப் பல் வரைக்கும் மேலே வருது. மீன்பிடி வல்லத்துக்கு ஃபைபர் போடுறவர் ஒருத்தர் "ரெண்டு நாள்ல மூடிரலாம்"ங்கிறார். வேலையை வீட்டிலேயே முடிக்கணும், மதுரைக்கு லாரில ஏத்துறது கடைசி வழி. என்ன சொல்றீங்க?

பாம்பன்_ஃபைபர்
தம்பி, வெட்டாதீங்க. வெல்டிங் அடிச்சா தகட்டோட பின்பக்கத்துல இருக்கிற பெயிண்ட் எரிஞ்சு போகும். ரன்னிங் போர்டு மூடின பெட்டி, உள்ளே கையும் போகாது, பிரஷ்ஷும் போகாது. நம்ம காத்துல பெயிண்ட் இல்லாத பச்சைத் தகடு ஒரு மழைக்காலம் தாங்குறதே பெருசு. புதுத் துரு அந்த வெல்டிங் கோட்டுலதான் பிறக்கும்.

ஃபைபருக்குச் சூடு கிடையாது. ஓட்டையைச் சுத்தி நாலு விரக்கடை தூரம் பளிச்சுனு தெரியுற வரைக்கும் கிரைண்டர்ல தேய்ச்சு, அசிட்டோன்ல துடைங்க. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட் நாலு அடுக்கு போடுங்க, ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மிமீ கனம் வரும். மேட் எடைக்கு ரெண்டு, ரெண்டேகால் மடங்கு ரெசின். இந்த வெயில்ல, ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் 1 சதவீதம் போதும், 2 போட்டா டப்பாவிலேயே இறுகிரும். வருஷக்கணக்கா உப்புத்தண்ணில கிடக்கிற வல்லத்துக்கே இதுதான் வைத்தியம்.

டிங்கர்_மண்டபம்
அண்ணே, வல்லத்துல ஃபைபரோட ஃபைபர் ஒட்டுது. இங்கே துருப்பிடிச்ச இரும்போட ஒட்டணும். பாலியெஸ்டர் ரெசின் இரும்பைச் சரியாப் பிடிக்காது. வெயில்ல விரிஞ்சு ராத்திரி சுருங்குறப்ப ஓரம் தூக்கும், அந்த இடுக்குல தண்ணி நிக்கும்.

அதைவிடப் பெரிய சங்கதி, இது இரும்புக் கூரை இல்லாத கார். சாதாரணக் கார்ல பலத்துல நல்ல பங்கு கூரையிலயும் தூண்லயும் இருக்கு. ரோட்ஸ்டர்ல முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிக்கிறது ரெண்டு சீட்டுக்கும் நடுவுல ஓடுற டனலும் இந்த ரெண்டு ரன்னிங் போர்டும்தான். மேட் போட்ட ஃபைபரோட விறைப்பு 7 ஜிகாபாஸ்கல் பக்கம், இரும்புக்கு 200. ஒரு மிமீ தகட்டோட இழுவிசை விறைப்பு வேணும்னா ஃபைபர் 28 மிமீ கனம் போடணும். நீங்க சொல்றது 4.

துரு கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். கதவு திறந்து மூடும்போது பூட்டு இடிக்க ஆரம்பிச்சா, நடுவுல வண்டி தொய்யுதுன்னு அர்த்தம்.

பாம்பன்_ஃபைபர்
பாலியெஸ்டர் வேண்டாம்னா எபாக்ஸி போட்டுக்கலாம், அதுல என்ன? 1996ல வந்த லோட்டஸ் எலிஸோட சேஸியே எபாக்ஸி பசையில ஒட்டினதுதான். அதுவும் கூரை இல்லாத கார்தான். ஒட்டு தாங்காதுன்னா அது எப்படி ஓடுது?

உப்புமானி
இரண்டு திருத்தங்கள் தேவை.

எலிஸ் சேஸி அலுமினியம். ஒட்டுவதற்கு முன் ஆலையிலேயே அனோடைஸ் செய்து (மேலே ஆக்சைடு படலம் ஏற்றி), அகலமான மடிப்புகளில் பசை தடவி, அடுப்பில் வைத்து இறுக்கினார்கள். ஒட்டு ஓரத்திலிருந்து உரிந்துவராமல் இருக்கக் கூடவே ஸ்க்ரூவும் முடுக்கினார்கள். இங்கே பசைக்கு அடியில் இருப்பது அரிக்கப்பட்ட தகடு. பசை எவ்வளவு உறுதியானாலும் துருவோடு சேர்ந்து பெயர்ந்து வரும்.

அடுத்தது மேட். வல்லத்துக்குப் போடும் மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரினில்தான் கரையும். எபாக்ஸியில் ஸ்டைரின் இல்லை. ஆகவே அந்த மேட்டை எபாக்ஸியில் ஊறவைத்தால் விறைப்பாகவே நிற்கும், உள்ளே காற்று தங்கும். எபாக்ஸி என்றால் நெய்த கண்ணாடித் துணிதான் வாங்க வேண்டும். பாலியெஸ்டர் வேலை செய்பவர்கள், ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கவே கூடாது. கொதித்துத் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, அதன் பிறகே கேட்டலிஸ்ட்.

இருவருமே தொடாத ஒன்று உப்பு. மண்டபத்தில் காரைக்குடி சிக்ரியின் (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) அரிமான ஆய்வு நிலையம் சும்மா அமையவில்லை. தகட்டின் குழிகளில் தங்கிய குளோரைடு, மேலே எதைப் பூசினாலும் அடியில் வேலை செய்துகொண்டே இருக்கும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் துருவின் நிறத்தைக் கறுப்பாக்கும், உப்பை எடுக்காது. கம்பி பிரஷ், நல்ல தண்ணீர், காயவைத்தல், மறுபடி பிரஷ், மறுபடி தண்ணீர் என்று மூன்று நான்கு சுற்று போக வேண்டும். பிறகு ஓர் இரவு திறந்து வையுங்கள். காலையில் குழிகளில் மட்டும் புள்ளிப் புள்ளியாக ஆரஞ்சு நிறம் தெரிந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. கழுவும் தண்ணீர் முக்கியம். போர் தண்ணீர் கரிக்கும் ஊரில் அதை வைத்தே கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதை. மழைத்தண்ணீரோ காவிரிக் குழாய்த் தண்ணீரோ பிடியுங்கள்.

பாம்பன்_ஃபைபர்
சரி, மேட் விஷயத்தை ஒத்துக்கிறேன். ஆனா என் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை. வெல்டிங் அடிச்ச தகட்டோட உள்பக்கத்தை எப்படிக் காப்பாத்துவீங்க?

டிங்கர்_மண்டபம்
நியாயமான கேள்வி. வேலையை முதல்லருந்து சொன்னாத்தான் பதில் விளங்கும்.

ஜாக்கியை ரன்னிங் போர்டு மடிப்புல வைக்காதீங்க, அழுகின இடம் அப்படியே நசுங்கும். முன்னால கிராஸ் மெம்பர், பின்னால டிஃபரன்ஷியல் அடியில ஜாக்கி. மணல் தரைன்னா ஸ்டாண்டுக்குக் கீழே 18 மிமீ பிளைவுட் பலகை போடணும். நாலு மூலையும் ஒரே மட்டம். கதவைக் கழட்டி, மேல் கீல் போல்ட்டுலருந்து பூட்டு மாட்டுற இடம் வரைக்கும் 25 மிமீ சதுரக் குழாயை முடுக்குங்க. கதவு வாசலோட ரெண்டு குறுக்களவையும் சுவத்துல எழுதி வைங்க. வெட்டுறப்ப 2 மிமீ மாறினாலும் நிறுத்திட்டு மட்டம் பாருங்க. ஒரு பக்கம் முழுசா முடியாம அடுத்த பக்கத்தைத் தொடக்கூடாது.

டிக்கியில இருக்கிற பேட்டரியோட ரெண்டு ஒயரையும் கழட்டணும், இன்ஜினைக் கட்டுப்படுத்துற ஈசியூ பெட்டியோட பிளக்கையும் உருவணும். சீட், கார்ப்பெட் எல்லாம் வெளியே. பெட்ரோல் குழாய் போற வழியைப் பார்த்து வச்சுட்டுத்தான் கிரைண்டர். பக்கத்துல தீயணைப்பான், ஒரு வாளி மணல்.

உள்ளே மூணு தகடு: வெளித்தோல், நடுவுல பலத் தகடு, உள் ரன்னிங் போர்டு. வெளித்தோலை மட்டும் முதல்ல வெட்டித் திறங்க. வெளியே ஒரு சாண்னா உள்ளே ஒரு முழம் போயிருக்கும்னு வச்சுக்கங்க. நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டணும், துரு ஓரத்துல வெல்டிங் பிடிக்காது, பொத்துக்கிட்டுப் போகும். புதுத் துண்டுக்கு 20 கேஜ் சிஆர் தகடு, 0.9 மிமீ. வெளித்தோலோட வளைவை அட்டையில வெட்டிக் குடுத்தா பெண்டிங் மெஷின் இருக்கிற பட்டறையில வளைச்சுத் தருவாங்க.

இப்ப அண்ணனோட கேள்வி. மூடுறதுக்கு முன்னால மூணு தகட்டுக்கும் உள்பக்கம் எபாக்ஸி பிரைமர். வெல்டிங் விழற ஓரத்துல மட்டும் ஒரு அங்குலத்துக்கு, மேலேயே வெல்டிங் அடிக்கக்கூடிய ஜிங்க் வெல்ட்-த்ரூ பிரைமர். வேலை முடிஞ்சு தகடு முழுசா ஆறின பிறகு, நாலு பக்கமும் பீய்ச்சுற முனை வச்ச நீள டியூபை உள்ளே விட்டு கேவிட்டி வாக்ஸ் (துருவைத் தடுக்கிற மெழுகு), ஒரு பக்கத்துக்கு அரை லிட்டர் அளவு. எரிஞ்ச இடத்தை மூடுறது இந்த வாக்ஸ்தான். முன்னாடியே அடிச்சா தீப்பிடிக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க மறுபடி அடிக்கணும். ஃபைபர் போட்டு அடைச்ச பெட்டியில கீழ் ஓட்டையும் சேர்ந்து அடைஞ்சிரும், இந்த வசதி கிடையாது.

மிஷின் சிஓ2 வெல்டிங்தான். ஆர்க் வெல்டிங்ல 2.5 ராடு வச்சு இந்தத் தகட்டுல அடிச்சா சல்லடைதான் மிஞ்சும். 0.8 மிமீ கம்பி, ஆர்கான்-சிஓ2 கலவை கிடைச்சா பொறி குறையும். தொடர் கோடு இழுக்காதீங்க. ரெண்டு விரக்கடைக்கு ஒரு பொட்டு வச்சு, ஆறவிட்டு, எதிர்முனைக்குப் போய் அடுத்த பொட்டு. தகடு மேல தகடு வர்ற இடத்துல 8 மிமீ ஓட்டை போட்டு நிரப்புங்க.

உப்புமானி
இதில் ஊர்க் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மணிக்கு 8 கிலோமீட்டர் காற்றே வெல்டிங் கேஸைக் கலைத்துவிடும், கோடு தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்தவெளியில் இந்த வேலை ஆகாது. கேஸைக் கூட்டி வைத்தாலும் பயன் இல்லை, சுழன்று காற்றை உள்ளே இழுக்கும். தார்ப்பாய் கட்டிய ஷெட், நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். பிரைமர் அடிக்கும்போது தகட்டின் சூடு, பனிநிலையை (காற்றின் ஈரம் துளியாகப் படியும் வெப்பநிலை) விட 3 டிகிரி செல்சியஸாவது கூட இருக்க வேண்டும். நடைமுறையில் காலை பத்துக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் வேண்டாம்.

தொண்டி_பதினாலு_ஸ்பேனர்
எல்லாரும் ஓட்டையை அடைக்கிறதைப் பேசுறீங்க, ஓட்டை ஏன் விழுந்துச்சுன்னு யாரும் கேக்கலை. துணிக்கூரை மேல விழற மழைத்தண்ணி, சீட்டுக்குப் பின்னால ரெண்டு மூலையிலயும் இருக்கிற வடிகால் வழியா இறங்கி பின்சக்கரத்துக்கு முன்னால வெளியே போகணும். மணலும் வேப்பிலைச் சருகும் அதை அடைச்சா தண்ணி ரன்னிங் போர்டுக்குள்ளதான் போகும். தம்பி வண்டியில துரு அதே இடத்துல இருக்குன்னா சந்தேகமே வேண்டாம். இரும்புக் கம்பியால குத்தாதீங்க, பிளாஸ்டிக் குழாய் கிழிஞ்சிரும். கனமான தூண்டில் நரம்பை விட்டு மெதுவா உருட்டுங்க, மேலருந்து ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா கீழே தடையில்லாம வரணும். ஐப்பசி மழைக்கு முன்னாடி இது முடிஞ்சிருக்கணும்.

ஹேண்ட்பிரேக் பத்துப் பல் வருதுன்னா கேபிளை முடுக்காதீங்க. பின் காலிப்பர் பின்பக்கம் 14 ஸ்பேனர் போல்ட் ஒண்ணு மூடி மாதிரி இருக்கும். அதைக் கழட்டினா உள்ளே 4 மிமீ ஆலன் கீ போகும். வலமாத் திருப்பினா பேட் டிஸ்க்கைப் பிடிக்கும், சக்கரம் நின்னதும் மூணுல ஒரு பங்கு சுத்து திரும்ப விடுங்க. ரெண்டு பக்கமும் பண்ணினா 5 முதல் 7 பல்லுக்குள்ள வந்துரும். பேட் மாத்தும்போது பிஸ்டனை சி-கிளாம்ப் வச்சு அமுக்காதீங்க, உள்ளே ஸ்க்ரூ இருக்கு, அதே ஆலன் கீயை இடமாத் திருப்பித்தான் உள்ளே இழுக்கணும். ரப்பர்ல பெட்ரோலும் சாதாரண கிரீஸும் படக்கூடாது, ஊதிரும். டாட் 4 பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், வருஷத்துக்கு ஒருக்க மாத்திருங்க.

பாம்பன்_ஃபைபர்
வடிகால் விஷயம் உண்மை, அதைச் சரி பண்ணாம ரெண்டு வைத்தியமும் வீண். ரன்னிங் போர்டை விட்டுக்குடுக்கிறேன். ஆனா டிக்கித் தரையில பேட்டரி ஆசிட் தின்ன சின்ன ஓட்டைக்கும், வீல் ஆர்ச்சுக்குள்ள கல் தெறிக்கிற இடத்துக்கும் எபாக்ஸியும் கண்ணாடித் துணியும்தான் நல்லது. அங்கே பாரம் கிடையாது, வெல்டிங் சூடுதான் கெடுதல்.

டிங்கர்_மண்டபம்
டிக்கித் தரைக்கு சரி. வீல் ஆர்ச்சுல பாதிக்குத்தான் சம்மதிக்கிறேன். சீட் பெல்ட் போல்ட்டுலருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபைபர் வரவே கூடாது.

கீழக்கரை_ரோட்ஸ்டர்
சீட் பெல்ட் மூடியைக் கழட்டி, போன்ல மாட்டுற கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தாச்சு. இடப்பக்கம் நடுத்தகடு முழுசா இருக்கு, வெளித்தோல் மட்டும்தான் போயிருக்கு. வலப்பக்கம் நடுத்தகடும் பாதி இல்லை. வடிகால் ரெண்டும் அடைப்பு. எந்தப் பக்கத்துல ஆரம்பிக்கிறது?

டிங்கர்_மண்டபம்
இடப்பக்கம். வெல்டிங் கை அங்கே படியட்டும். வலப்பக்கத்தை வெட்டுறதுக்கு முன்னாடி அந்த நடுத்தகட்டுக்கு 18 கேஜ்ல, 1.2 மிமீ, துண்டு வளைச்சுத் தயாரா வச்சுக்கங்க. திறந்து போட்டுட்டுப் பட்டறைக்கு அலையக் கூடாது.