ஒத்திகையே பார்க்காமலா விடிய விடியப் பாடினார்கள்?

திருமயத்து மருமகள்:
எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம். பாட்டாலேயே நடக்கிற நாடகத்தை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். பாதியில் எழுந்து வந்துவிடலாம் என்றுதான் பாயை எடுத்துக்கொண்டு அத்தையோடு போனேன். திரும்பும்போது விடிந்துவிட்டது.

பத்து மணிக்குப் பபூன் வந்தார், அப்புறம் டான்ஸ். சிரித்தேன், ஆனால் மனசு ஒட்டவில்லை. இரண்டு மணி வாக்கில் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் ஆரம்பித்தது. அவர் விருத்தம் பாடிக் கேள்வி போட, இவர் விட்டுக்கொடுக்காமல் பாடியே பதில் சொல்கிறார். ஓரிடத்தில் வள்ளி சட்டென்று வேறு சுருதியில் எடுத்தார். நான் ஆர்மோனியக்காரருக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். இடது கை துருத்தியை விடவில்லை, தலைகூடத் திரும்பவில்லை. வலது கை மட்டும் கட்டைகளின் மேல் நகர்ந்து, அந்த அம்மா முதல் சொல்லை முடிப்பதற்குள் சுருதியைப் பிடித்துவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

காலையில் பார்த்தால் அதே வள்ளி பஸ் ஸ்டாப்பில் பெட்டியோடு தனியாக நிற்கிறார். காதோரம் ரோஸ் பவுடர் இன்னும் போகவில்லை. அவர் மதுரை பஸ்ஸில் ஏறினார், நாரதர் எதிர்த்திசையில் போனார். இவர்கள் ஒரே குழு இல்லையா? அப்படியென்றால் எங்கே, எத்தனை நாள் ஒத்திகை பார்த்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆர்மோனியக்காரர் மகன்:
ஒத்திகை ஒரு நாள்கூடக் கிடையாது சகோதரி. இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), நாரதர், பபூன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, அட்வான்ஸ் கொடுத்து வரவழைப்பார்கள். நாடக நோட்டீஸை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒவ்வோர் ஊர் இருக்கும். முருகனும் வள்ளியும் அன்று ராத்திரி மேக்கப் போடும் இடத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள், அதுவும் உண்டு.

எல்லோரையும் சேர்த்துக் கட்டுவது, வள்ளி திருமணத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பாடம். அவர் 1922-இல் மறைந்துவிட்டார், பாட்டுகள் இன்னும் இவர்களுக்கு மனப்பாடம். தர்க்கத்தில் மட்டும் அவரவர் சரக்கும் சேரும். நாரதர் எதைக் கேட்பார் என்று வள்ளிக்கு முன்கூட்டித் தெரியாது. எங்கள் அப்பா சொல்வார், "பாடுறவங்க வாயைக் கவனிக்காதே, மூச்சைக் கவனி" என்று. மூச்சு இழுக்கிற விதத்திலேயே மேலே போகப் போகிறார்களா என்பது அவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் பார்த்ததும் அதுதான்.

மதுரை வாசகன்:
சுவாமிகள் காலத்தில் ஒத்திகை இருந்தது. 1918-இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து ஒரு நாடக சபை தொடங்கினார். பிற்காலத்தில் பெரிய நாடக நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பிள்ளைகளாக அங்கேதான் பயின்றார்கள். அந்த மாதிரிக் கம்பெனிகள் போய்விட்டன, பாடம் மட்டும் நிலைத்துவிட்டது.

ஒன்று சொல்கிறேன், பபூன் பகுதியை வெறும் சிரிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். மைக் எப்படி எடுக்கிறது, மிருதங்கக்காரர் என்ன வேகத்தில் வருகிறார், இந்த ஊர்க் கூட்டம் எதற்குக் கைதட்டும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவருகிறது. ஒத்திகை என்று ஒன்று இருந்தால், என்னைப் பொறுத்தவரை அதுதான்.

மணப்பாறை அக்கா:
மேடை கோயிலைப் பார்த்துத்தானே போட்டிருந்தார்கள்? எங்கள் ஊரில் அம்மனுக்கு மறைக்கும் என்று நடுவில் யாரும் உட்கார மாட்டோம். நாடகம் முதலில் அவளுக்கு, அப்புறம்தான் நமக்கு.

திருமயத்து மருமகள்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நோட்டீஸை அத்தை நாலாக மடித்து அரிசி டின் மேல் வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தேன். வள்ளி மதுரை, நாரதர் மணப்பாறை, முருகன் காரைக்குடி. அக்கா, எங்கள் ஊரிலும் நடுவில் வழி விட்டிருந்தார்கள். ஆள் நடக்க என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் பக்கத்து ஊரில் இதே வள்ளி, வேறு நாரதர். போகலாம் என்று அத்தை சொல்லிவிட்டார். இந்தத் தடவை பபூன் வருவதற்கு முன்னாலேயே ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் பாயை விரித்துவிடுவேன்.