சேவலைக் கொடுத்த பிறகு இட்ட முட்டை பொரிக்குமா? அடைக்கோழி பற்றி உதவி தேவை

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
வணக்கம். வீட்டுப் பின்பக்கத்தில் இரண்டு ஊர்க்கோழிகள் நிற்கின்றன. சேவலும் ஒன்று இருந்தது. விடிய நாலு மணிக்கே கூவுகிறது என்று பக்கத்து மாடிவீட்டுக்காரர் சண்டைக்கு வந்ததால், மட்டக்குளியில் மாமா வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். பேடுகள் அதன் பிறகும் முட்டை இட்டுக்கொண்டுதான் இருந்தன. இப்போது சிவப்புப் பேடு அடை கிடக்கிறது. கையைக் கொண்டுபோனால் இறகைச் சிலுப்பிக்கொண்டு கொத்த வருகிறது. அம்மா அதற்குக் கீழே பதினொரு முட்டை வைத்திருக்கிறா. சில சேவல் போன பிறகு இட்டவை, சில பிரிட்ஜில் இருந்தவை. பொரிக்குமா? கோழி சாப்பிடாமல் மெலிகிறது, அதற்கு ஏதும் வருத்தமா?

வத்தளை அக்கா:
வருத்தமெல்லாம் இல்லை தம்பி. அடைக்கோழி அப்படித்தான். நாளுக்கு ஒரு தடவை 15, 20 நிமிடம் எழும்பித் தின்னும், குடிக்கும், மூக்கைப் பொத்த வைக்கிற மாதிரி ஒரு பெரிய எச்சம் போடும், திரும்பப் போய் இருந்துவிடும். தீனையும் தண்ணீரையும் கூட்டுக்குக் கிட்டவே வையுங்கள். வயிற்றடியில் இறகு கொட்டித் தோல் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், சூடு முட்டையில் நேரே படுவதற்குத்தான் அது.

முட்டை இடுவதற்குச் சேவல் தேவையில்லை, குஞ்சு வருவதற்குத்தான் தேவை. ஆனால் சேவலோடு சேர்ந்த பேடு விந்தைத் தன் உடம்புக்குள் வைத்திருக்கும். அதனால் சேவல் போய் 10, 14 நாள் வரை இட்டவற்றில் கரு இருக்கலாம். அதற்குப் பிந்தியவை பெரும்பாலும் வெறும் முட்டை. பிரிட்ஜில் கிடந்ததை நம்பவே வேண்டாம்.

தெமட்டகொடை நானா:
அக்கா சொன்னது சரி. ஆனால் வெளியே வைத்த முட்டைக்கும் கொழும்புச் சூடு கெடுதிதான். 20 பாகைக்குக் கீழே கரு சும்மா கிடக்கும். நம்ம குசினியில் எப்போதும் 28, 30 இருக்கும், அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துப்போகும். அதனால் அடுத்த முறை அடைக்கு வைக்கிற முட்டையை ஒரு கிழமைக்கு மேல் சேர்க்காமல், அடுப்புப் பக்கம் வைக்காமல் பாருங்கள்.

கோழி அடை இருந்து ஏழு, எட்டு நாளானதும் இரவில் லைட்டை அணைத்துவிட்டு, முட்டையின் அகன்ற பக்கத்தில் டோர்ச்சை ஒட்டிப் பிடியுங்கள். சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் கரு உயிரோடு இருக்கிறது.

வெள்ளவத்தை ஐடி:
இன்குபேட்டர் ஒன்று வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே?

தெமட்டகொடை நானா:
கரண்ட் போனால் நீங்களா போய் முட்டை மேல் இருப்பீர்கள்? 37.5 பாகை, ஈரப்பதம், திருப்புவது எல்லாவற்றையும் அந்தப் பேடு காசில்லாமல் பார்க்கிறது.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஐந்தில் நரம்பு தெரிகிறது. ஐந்தில் ஒன்றுமே இல்லை, தெளிவாக இருக்கிறது. ஒன்றில் நரம்பு இல்லாமல் சிவப்பு வளையம் மட்டும். எது பிரிட்ஜ் முட்டை என்று அம்மாவுக்கே ஞாபகமில்லை. மற்றப் பேடும் இதே கூட்டில் புகுந்து இட்டுவிட்டுப் போகிறது!

வத்தளை அக்கா:
சிவப்பு வளையம் என்றால் கரு செத்துவிட்டது. அதையும் அந்த ஐந்தையும் எடுத்துவிடுங்கள், கூழ்முட்டையாகி வெடித்தால் கூடு முழுக்க நாறும். நல்ல ஐந்திலும் பென்சிலால் கோடு போடுங்கள். கோடில்லாத முட்டை கண்டால் அன்றன்றே எடுத்துப் பொரித்துச் சாப்பிடலாம். விட்டீர்களோ, குஞ்சுகள் ஒரே நேரத்தில் வராது. முதல் வந்தவற்றைக் கூட்டிக்கொண்டு தாய் இறங்கிவிடும், மிச்சம் குளிர்ந்துபோகும். பேடு பல நாள் இட்டுச் சேர்த்துவிட்டு ஒன்றாக இருப்பதே இதற்காகத்தான். 21 நாளை முட்டை இட்ட நாளிலிருந்து எண்ணாமல், கோழி இறுக்கி இருந்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

18ஆம் நாளுக்குப் பிறகு கை வைக்காதீர்கள். ஓட்டில் துளை விழுந்த பிறகும் குஞ்சு வெளியே வர ஒரு நாள் வரை எடுக்கும். பாவம் என்று முட்டையோட்டை நீங்கள் உரித்தால் இரத்தம் கசியும்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
நன்றி அக்கா, நானா. கூரையில் மரநாய் ஓடுகிற சத்தம் கேட்கிறது, அதுதான் யோசனை.

தெமட்டகொடை நானா:
இரவில் கூட்டைச் சுற்றி அரை அங்குலக் கம்பி வலை அடியுங்கள், பெரிய கண் வலையில் எலி நுழைந்துவிடும். பகலில் காகம்தான் எதிரி, மேலேயும் மூடுங்கள். குஞ்சு வந்ததும் இரண்டு நாள் வரை வயிற்றில் உள்ள மஞ்சள் கரு தாங்கும், தீன் தீன் என்று அவசரப்பட வேண்டாம். தண்ணீரைத் தட்டையான சோசரில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் விழுந்து நனைந்து விறைத்துப்போகும்.