புதுப்பிப்பு: மில்டூராவா, ஹார்ஷமா? ஹார்ஷமில் குடியேறிவிட்டோம்

491 விசாவில் (பெருநகரங்களுக்கு வெளியே வாழ்ந்து வேலை பார்ப்பதற்கான தற்காலிக விசா) ஆஸ்திரேலியா வந்த புதிதில், விக்டோரியா மாநிலத்தில் குடியேற மில்டூராவா ஹார்ஷமா, எந்த ஊர் நல்லது என்று போன மே மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

ஹார்ஷம்தான். வந்து எட்டு மாதம் ஆகிறது. (இரண்டுமே 491-க்குச் செல்லும், விக்டோரியாவில் மெல்போர்ன் பெருநகரம் மட்டும்தான் சேராது.)

கைகொடுத்தது ஒரு அக்கா சொன்ன யோசனை: "வீடு பார்க்கும் முன்னாடி ஒரு வாரம் தங்கிப் பாருங்க, அதுவும் குளிர்காலத்துல." இங்கே குளிர்காலமான ஜூலையில் போனோம். காலையில் புல்லெல்லாம் உறைபனி; கார் கண்ணாடியைச் சுரண்டிவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது. அந்த வாரத்திலேயே குழந்தைகள் காப்பகத்துக்கு நேரில் போய்ப் பெயர் கொடுத்தோம். அப்படியும் இடம் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. சிறு குழந்தை உள்ளவர்கள் வீட்டுக்கு முன்பே இதைப் பாருங்கள், தயவுசெய்து.

வாடகை வீட்டுக்கு ஆன்லைனில் போட்ட ஐந்து விண்ணப்பமும் வீண். வேலைக் கடிதத்தோடு ஏஜென்ட் அலுவலகத்தில் நேரில் போய்ப் பேசியதும் ஆறாவது கிடைத்தது.

எதிர்பாராதது போக்குவரத்து. மெல்போர்ன் சுமார் 300 கிலோமீட்டர். மெல்போர்ன்-அடிலெய்ட் ஓவர்லேண்ட் ரயில் ஹார்ஷமில் நிற்கும், ஆனால் வாரத்துக்கு இரண்டு முறைதான். மற்ற நாளில் பஸ்ஸில் போய் வழியில் ரயில் மாற வேண்டும். கார் இல்லாமல் சிரமம்.

கறிவேப்பிலைச் செடி இங்கே வளருமா என்று கேட்டவருக்கு: தரையில் நட்டது ஆகஸ்ட் பனியில் கருகிவிட்டது. இப்போது தொட்டியில் வைத்து, குளிர் ராத்திரிகளில் உள்ளே எடுத்துவிடுகிறோம். தளிர் விட்டிருக்கிறது.