கிரிண்டெல்வால்டில மழையோ ஸ்னோவோ? குடும்பக் குழுவில ஒரு பின்னேரம்

நிரோ (வெள்ளவத்தை), பி.ப. 1:10
சுதா அக்கா, அடுத்த கிழமை நாங்கள் வர இருக்கிற சுவிஸ் மலை ஊர் கிரிண்டெல்வால்டுக்கு ஆப்பில திங்களும் செவ்வாயும் மழை எண்டு காட்டுது, பகல் 5 டிகிரி. ஜனவரியில இப்பிடியோ? அம்மாவும் சின்னவனும் ஸ்னோ பார்க்கத்தானே வெளிக்கிடினம். திகதியை மாத்தட்டோ?

சுதா அக்கா (பேர்ண்), பி.ப. 1:24
மாத்தாதை. நீ பார்க்கிறது ஊருக்கான வெப்பநிலை. ஊர் 1034 மீற்றரிலதான் இருக்கு. மேற்குக் காத்து அத்திலாந்திக்கில இருந்து சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துக் கொண்டு வந்தால் அந்த உயரத்தில மழைதான் பெய்யும். 2023 ஜனவரி முதலாம் திகதி சுவிஸில டெலெமோன் எண்ட ஊரில 20.2 டிகிரி வந்தது, அதுவும் அல்ப்ஸுக்கு வடக்குப் பக்கம்.

நீ பூச்சிய டிகிரி எந்த உயரத்தில நிக்குது எண்டு பார். அதில இருந்து 200, 300 மீற்றர் கீழ மட்டும் ஸ்னோ உருகாமல் வந்து விழும், அதுக்கும் கீழ மழை. திங்களுக்கு 1800 எண்டு கிடக்கு. அப்ப 1500, 1600 வரைக்கும் ஸ்னோ. ஊருக்கு மேல இருக்கிற கிளைன ஷைடெக் 2061 மீற்றர், ஃபர்ஸ்ட் 2168. ரெண்டிலயும் கொட்டும்.

தயா அத்தான் (கொட்டாஞ்சேனை), பி.ப. 1:31
நிரோ, ஆப் இல்லாட்டியும் கணக்குப் போடலாம். 100 மீற்றர் ஏற 0.65 டிகிரி குறையும். கொழும்பில 30 எண்டா 1868 மீற்றரில இருக்கிற நுவரெலியாவில 18. கிரிண்டெல்வால்டில 5 எண்டா பூச்சியத்துக்கு இன்னும் 770 மீற்றர் ஏறவேணும், 1800 சரியா வருது. ஆனா முகில் இல்லாத ராத்திரியில இந்தக் கணக்கை நம்பாதை. குளிர்காத்து பள்ளத்தில தங்கி, கீழ மைனஸும் மேல பிளஸ்ஸுமா நிக்கும்.

பெரியம்மா (பம்பலப்பிட்டி), பி.ப. 1:36
அப்ப ஊருக்குள்ள ஸ்னோவே விழாதோ பிள்ளை?

சுதா அக்கா (பேர்ண்), பி.ப. 1:47
அப்பிடியும் சொல்ல ஏலாது பெரியம்மா. ஸ்னோ உருகச் சூடு வேணும், அதைச் சுத்தியிருக்கிற காத்தில இருந்துதான் எடுக்கும். லவுட்டர்புருன்னன் மாதிரி ரெண்டு பக்கமும் மலை செங்குத்தா நிக்கிற இடுக்கில, காத்து அசையாமல் பலமா மழை பெய்தால், சில மணித்தியாலத்தில அந்தக் காத்து முழுக்கப் பூச்சியத்துக்கு இறங்கியிடும். பின்னேரம் மழையா இருந்தது ராத்திரி ஸ்னோவா மாறும், 800 மீற்றரிலயும் விழும். காத்து வீசினால் நடக்காது, சூடான காத்து புதுசு புதுசா வந்து கலக்கும். ஆப்பில இது பல நேரம் வராது.

இப்பிடி விழுற ஸ்னோ ஈரமானது. காய்ஞ்ச புது ஸ்னோ ஒரு கன மீற்றர் சுமார் 100 கிலோ, ஈரமானது 200க்கு மேல, சில நேரம் 400. அதாலதான் மரக்கொப்பு முறிஞ்சு ரெயின் கம்பியில விழுறது. கூரையில கிடக்கிறதும் சூட்டுக்கு ஒரேயடியா வழுக்கி விழும். சின்னவனைத் தாழ்வாரத்துக்குக் கீழ விளையாட விடாதை.

நிரோ (வெள்ளவத்தை), பி.ப. 1:52
புறக்கோட்டையில வாங்கின தடிப்பு ஜக்கெட் இருக்கு. காணுமோ? சப்பாத்தின்ர அடியையும் படம் எடுத்துப் போடுறன்.
[படம்]

சுதா அக்கா (பேர்ண்), பி.ப. 2:03
உள்ள பருத்தி எண்டா அது நுவரெலியாவுக்குத்தான் சரி. நனைஞ்சால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். மைனஸ் 5இல காய்ஞ்ச குளிரைத் தாங்கலாம், 2 டிகிரி மழையில நனைஞ்சு நிண்டால் கனக்க நேரம் தாங்கேலாது. உடம்போட ஒட்டினது பொலியெஸ்டர் இல்லாட்டிக் கம்பளி, நடுவில ஃப்ளீஸ், மேல தண்ணி புகாத மழை ஜக்கெட். ஜீன்ஸ் வேண்டாம். கையுறை ஆளுக்கு ரெண்டு சோடி, ஒண்டு நனைஞ்சிரும்.

சப்பாத்தில நடுப்பகுதி தேஞ்சு தட்டையாக் கிடக்கு, குதிப்பக்கம் மட்டும்தான் வெட்டு இருக்கு. அது ஐஸில பிடிக்காது. இங்க வந்து இழுத்து மாட்டுற ஸ்பைக் வாங்கு, ரப்பர் வளையத்தில இரும்பு முள் வைச்சது. ஸ்டேஷன் ஓட்டுத்தரையிலயும் கடைக்குள்ளயும் கட்டாயம் கழட்டவேணும், அதில இன்னும் வழுக்கும்.

தயா அத்தான் (கொட்டாஞ்சேனை), பி.ப. 2:08
சப்பாத்து நனைஞ்சால் ஹீட்டருக்கு மேல வைக்காதையுங்கோ, ஒட்டு விடும். உள்தட்டை வெளிய எடுத்து, பேப்பரைக் கசக்கி நுனி வரைக்கும் அடைஞ்சு, ஒரு மணித்தியாலத்தில மாத்தி வேற பேப்பர் போட்டால் விடிய காய்ஞ்சிருக்கும்.

நிரோ (வெள்ளவத்தை), பி.ப. 2:11
கார் எடுக்கட்டோ, ரெயினோ?

சுதா அக்கா (பேர்ண்), பி.ப. 2:20
ரெயின். இண்டர்லாக்கன் ஓஸ்ட் ஸ்டேஷனில இருந்து அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. இந்தக் கிழமைக்குக் கார் சரிவராது. காத்து 2 டிகிரி எண்டு காட்டினாலும் பாலத்திலயும் காட்டு நிழலிலயும் ரோட்டு மைனஸில இருக்கும், அதில மழை விழுந்த உடன கண்ணாடி மாதிரி உறையும். கண்ணுக்கு வெறும் ஈர ரோட்டாத்தான் தெரியும். குளிர் மைனஸ் 8 தாண்டினால் உப்பும் பெரிசா வேலை செய்யாது.

கட்டாயம் எடுக்கிறதெண்டா வின்ரர் ரயர் போட்டிருக்கோ எண்டு கேட்டு, தவாளிப்பு 4 மில்லிமீற்றர் இருக்கோ எண்டு பார். சட்டம் 1.6 எண்டாலும் ஸ்னோவில அது போதாது. நீல வட்டத்தில செயின் படம் கண்டால் ரயருக்குச் செயின் கட்டாயம், எஞ்சின் இழுக்கிற சில்லு ரெண்டுக்கும். எந்தச் சில்லு எண்டு முதலே கேட்டு வை.

தயா அத்தான் (கொட்டாஞ்சேனை), பி.ப. 2:26
ஸ்னோ சரிவு அறிக்கையையும் பாருங்கோ. டாவோஸில இருக்கிற எஸ்எல்எஃப் நிறுவனம் ஒவ்வொரு நாளும் அங்கத்தைய நேரம் பின்னேரம் 5 மணிக்குப் போடும், எங்களுக்கு இரவு 9:30. விடிய 8க்குத் திருத்தி விடும். ஆபத்துக்கு ஐஞ்சு படி, 5தான் ஆகக் கூட. 3ஐக் கண்டு ‘நடுவிலதானே’ எண்டு நினைக்காதையுங்கோ, கனபேர் சாகிறது 3இலதான்.

சுதா அக்கா (பேர்ண்), பி.ப. 2:39
ஓம் அத்தான், அதைத்தான் நானும் சொல்ல இருந்தன். மழைத் தண்ணி ஸ்னோவுக்குள்ள இறங்கி அடியில நிலத்தை நனைச்சால், சாய்வான புல்தரையில ஸ்னோ முழுத் தட்டா வழுக்கத் தொடங்கும். மேல குறுக்க ஒரு வெடிப்புத் திறந்து மண்ணிறம் தெரியும். பகலோ இரவோ எண்டில்லை, எப்ப விழும் எண்டு ஆராலயும் சொல்லேலாது. அப்பிடி வெடிப்புக் கண்டால் அதுக்கு நேர கீழ நிண்டு படம் எடுக்காமல் உடன தள்ளிப் போங்கோ.

புதன் குளிர்காத்து வந்து பூச்சியம் 900க்கு இறங்குது. ஊருக்குள்ளயும் ஸ்னோ விழும். வியாழன் வெயில். அம்மாவுக்கு அதுதான் நாள். ஆனா கொட்டி முடிஞ்ச முதல் வெயில் நாளிலதான் ஆக்கள் ஆசையில பாதையை விட்டு இறங்கி மாட்டுப்படுறது. கம்பு நட்டு அடையாளம் வைச்ச வழியில மட்டும் நடவுங்கோ. ஸ்லெட்ஜ் பாதை விடிய இறுகின ஐஸா இருக்கும், பத்து மணிக்குப் பிறகு விடு. சின்னவனுக்கு ஹெல்மெட்.

நிரோ (வெள்ளவத்தை), பி.ப. 2:44
அப்ப மலை மேல போற யுங்ஃப்ராயோக் ரெயின் ரிக்கெட்டை இப்பவே வியாழனுக்கு எடுக்கட்டோ?

தயா அத்தான் (கொட்டாஞ்சேனை), பி.ப. 2:52
இப்ப எடுக்காதை. 3454 மீற்றரில ஸ்னோவுக்குக் குறைவில்லை, முகில் மூடினால் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பாய். வியாழன் விடிய வெப்கமராவைப் பார்த்திட்டு எடு. சுவிஸ் டிராவல் பாஸ் கிரிண்டெல்வால்ட் வரைக்கும் செல்லும், அதுக்கு மேல 25 வீதம் கழிவு. காத்துப் பலமெண்டு ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் நிண்டால் கிளைன ஷைடெக் வழியா பல்சக்கர ரெயின் இருக்கு, அதுக்கு ஒரு மணித்தியாலம் கூட வைச்சுக் கொள்.