நிக்கான் டி600 கேமரா: அறிவிப்பில் "எண்ணெய்" என்ற சொல்லைக் காட்டுங்கள்

பழையரோல் (கும்பகோணம்)

"பழைய கேமரா வாங்கலாமா" இழையில் தம்பி நெல்லைக்கதிர் நேற்று இரவு எழுதியது:

//டி600-இல் எண்ணெய் தெறிக்கும் பிரச்சினை வந்ததும் நிக்கான் அதை ஒப்புக்கொண்டு, வாரண்டி முடிந்தவர்களுக்கும் ஷட்டரை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. கம்பெனி என்றால் அப்படி இருக்க வேண்டும்.//

காலையில் இதைப் படித்ததிலிருந்து காபி இறங்கவில்லை. அங்கே பதில் போட்டால் இழை கெடும் என்று தனியாகத் திறக்கிறேன்.

டி600 வந்தது 2012 செப்டம்பரில். படம் பதியும் சில்லான சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் ஷட்டரிலிருந்து எண்ணெய் தெறிக்கிறது என்பதுதான் அதன்மேல் வந்த புகார். அடுத்த மாதமே படத்தின் மேல் இடது மூலையில் கரும்புள்ளி என்று உலகம் முழுக்கப் புலம்பல். 2013 பிப்ரவரியில் வந்த நிக்கானின் முதல் அறிவிப்பு என்ன சொன்னது? கையேட்டில் உள்ளபடி சுத்தம் செய், ப்ளோயரால் (காற்று ஊதும் ரப்பர் பந்து) ஊது, போகாவிட்டால் சர்வீஸ் சென்டருக்கு வா. அவ்வளவுதான். அந்த அக்டோபரில் புது ஷட்டர் போட்டு டி610 என்று வேறு பெயரில் கடைக்கு அனுப்பினார்கள். டி600 வைத்திருந்தவன் கையில் இருந்தது ஒரே நாளில் காயலான் கடைச் சரக்கு. வாரண்டி முடிந்தாலும் ஷட்டர் மாற்றம் இலவசம் என்று சொன்னது 2014 பிப்ரவரி 26-இல். மார்ச் 15-ஆம் தேதி சீன அரசுத் தொலைக்காட்சி நுகர்வோர் தின நிகழ்ச்சியில் போட்டுக் கிழித்தது. மறுநாளே ஷாங்காய் அதிகாரிகள் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். அப்புறம்தான், சர்வீஸ் செய்தும் புள்ளி நிற்காதவர்களுக்கு வேறு கேமரா தருகிறோம் என்று இறங்கி வந்தார்கள்.

இதில் "ஒப்புக்கொண்டு" எங்கே வந்தது? 2013 அறிவிப்பிலும் "தூசி". 2014 அறிவிப்பிலும் "தூசி". "எண்ணெய்" என்ற சொல்லை யாராவது காட்டினால் என் பழைய ரோலைஃப்ளெக்ஸ் ஃபிலிம் கேமராவை அவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைக்கிறேன்.

நெல்லைக்கதிர்

ஐயா, நான் சொன்னது ஒரு வரி. பழைய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்கப் போகிறவருக்கு, இலவசமாகச் சரிசெய்த வரலாறு உண்டு என்று தைரியம் சொன்னேன். எண்ணெயோ தூசியோ, மாற்றிக் கொடுத்தார்களா இல்லையா?

ஷட்டர்செல்வம் (திருப்பூர்)

அண்ணன் ரோலைஃப்ளெக்ஸை எடுத்துத் துடைத்து வைக்கட்டும், வருகிறேன்.

அறிவிப்பில் என்ன எழுதினான் என்பதா கேள்வி? சென்சாரில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. பதினோரு வருடமாக நண்பர்களுக்கு சென்சார் துடைத்துக் கொடுக்கிறேன். எந்தக் கம்பெனி பாடி என்று சொல்லப்போவதில்லை, சண்டை வரும். தூசி என்றால் பாடியைக் கவிழ்த்துப் பிடித்து ப்ளோயரால் நாலு ஊது ஊதினால் போய்விடும். எண்ணெய் போகாது. உலர்ந்த ஸ்வாபை (துடைக்கும் துணிக்குச்சி) ஓட்டினால் கோடு இழுக்கும், அப்பளம் பொரித்த கையைக் கண்ணாடியில் தடவியதுபோல. படத்தில் பார்த்தாலும் தெரியும்: தூசி ஒழுங்கில்லாத கறுப்பு, எண்ணெய் வட்டமாக, நடுவில் லேசாக வெளிச்சம் விட்டு நிற்கும்.

தூசி என்றால் ஷட்டரை ஏன் மாற்ற வேண்டும்? துடைப்பம் கொடுத்தால் போதாதா? ஷட்டரை மாற்றினான் என்றாலே ஒப்புக்கொண்டான் என்றுதான் பொருள். எண்ணெய்.

பழையரோல்

அறிவிப்பு கேட்டேன், அப்பளம் வருகிறது.

தம்பி, 1986-இலிருந்து ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். எண்ணெய் எது, தூசி எது என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். நான் சொல்வது பெயரைப் பற்றி. தூசி என்று எழுதினால் அது உன் ஊர்த் தூசி, உன் பை, நீ லென்ஸ் மாற்றிய இடம். துடைப்பது உன் பாடு. எண்ணெய் என்று எழுதினால் அது அவன் ஷட்டரிலிருந்து வந்தது, அவன் பாடு. பெயரில்தான் காசு இருக்கிறது. ஒரு வருடம் "தூசி" என்று சொல்லியே ஓட்டினார்கள். இலவசம் என்று அறிவித்த நாளிலும் அந்தச் சொல்லை விடவில்லை. இதற்குப் பெயர் ஒப்புக்கொள்வதா?

மறுபடி கேட்கிறேன். "எண்ணெய்" எங்கே?

மயிலைவாசி

எண்ணெய்க்கடை மூடியதும் சொல்லுங்கள், நான் வேறு ஒன்று கேட்க வேண்டும்.

டி600 எல்லாம் நேற்றைய கதை. 2005 அக்டோபரை யாருமே நினைத்துப் பார்க்கவில்லையே! சோனி செய்த சிசிடி சென்சாரில் கோளாறு. அதே சென்சாரை வாங்கிப் போட்டிருந்த கேனான், நிக்கான், ஃபூஜி, கோனிகா மினோல்டா என்று வரிசையாக எல்லோரும், வாரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று அறிவித்தார்கள். சென்சாருக்குள் இருந்த மெல்லிய கம்பி இணைப்பு விட்டுப்போவதுதான் காரணம். வெப்பமும் ஈரப்பதமும் கூடின இடத்தில்தான் அதிகம் விடுமாம். சென்னையில் மே மாதம் வேறென்ன இருக்கிறது?

எங்கள் வீட்டிலும் ஒரு கேமரா கெட்டது. எந்தக் கம்பெனி, எதனால் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அண்ணன் மகன் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை, ஆசாரி ஊசியை எடுக்கிறார், திரையைப் பார்க்கிறேன்: மொத்தக் குடும்பமும் கத்தரிப்பூ நிறத்தில் அலை அலையாக நெளிகிறது. குழந்தை அழுவதற்கு முன் நான் அழுதேன். சர்வீஸ் சென்டரில் பில்கூடக் கேட்கவில்லை. அடிப்பக்கத்து வரிசை எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டார், மூன்று வாரத்தில் கைக்கு வந்தது. பைசா வாங்கவில்லை.

ஷட்டர்செல்வம்

மேடம், ஆட்டோவுக்கு எவ்வளவு ஆனது?

மயிலைவாசி

போக வர மூன்று நடை. 240 ரூபாய். ஏன்?

ஷட்டர்செல்வம்

அப்போது இலவசம் இல்லை.

மயிலைவாசி

ஆட்டோக்காரர் என்ன கேமரா கம்பெனி சம்பளத்திலா இருக்கிறார்? கோயிலில் பிரசாதம் இலவசம் என்றால் செருப்பு தேய்ந்ததற்கும் ரசீது கேட்பீர்கள்போல.

பழையரோல்

மேடம் நல்ல உதாரணம் கொடுத்தார், செல்வம் அதை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

2005-இல் என்ன நடந்தது கவனியுங்கள். வெப்பம், ஈரம், சென்சார் என்று காரணத்தை எழுதி, எந்தெந்த மாடல் என்று பட்டியலே போட்டார்கள். அதற்குப் பெயர் ஒப்புக்கொள்வது. டி600-க்கு "தூசி". எண்ணெய் என்ற சொல்லை வாயில் போட்டுக்கொள்ளவே இல்லை.

யாழ்க்குருவி

நான் கனகாலமாக வாசிக்கிறன், எழுதுறது குறைவு. பழையரோல் அண்ணை, செல்வம் அண்ணை, நான் விளங்கிக்கொண்ட அளவில் நீங்கள் ரெண்டு பேரும் ஒரு பக்கம்தான் நிற்கிறீர்கள். பிழை கமராவில் என்றுதானே ரெண்டு பேரும் சொல்லுறீர்கள்? பிறகேன் சண்டை?

பழையரோல்

ஒரே பக்கமா? அவர் "ஒப்புக்கொண்டான்" என்கிறார். நான் இல்லை என்கிறேன். இது ஒரே பக்கமா?

ஷட்டர்செல்வம்

தம்பி, நடுவர் வேலைக்கு இங்கே சம்பளம் கிடையாது.

செந்தமிழ்ச்செழியன்

"கேமரா"வும் வேண்டாம், "கமரா"வும் வேண்டாம். ஒளிப்படக்கருவி. "ஷட்டர்" எதற்கு? மூடுதிரை என்று அழகாகச் சொல்லலாமே.

மயிலைவாசி

சர்வீஸ் சென்டரில் போய் "என் ஒளிப்படக்கருவியின் மூடுதிரையில் நெய்மம்" என்று சொல்லிப் பாருங்கள். நிச்சயம் இலவசமாகவே அனுப்பி வைப்பார்கள், வாசல்வரை.

செந்தமிழ்ச்செழியன்

நெய்மம் அன்று. எண்ணெய் என்பதே தூய தமிழ்தான். எள் + நெய்.

பழையரோல்

நன்றி செழியன். அந்தத் தூய தமிழ்ச் சொல்தான் அறிவிப்பில் இல்லை.

கீழவாசல்வக்கீல்

ஒரு தகவல். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "குறைபாடு" என்பதற்கு விளக்கம் இருக்கிறது. தரத்திலோ அளவிலோ இருக்க வேண்டிய நிலையில் பொருள் இல்லாவிட்டால் அது குறைபாடு. எண்ணெயா தூசியா என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. புகார் கொடுக்க இரண்டு வருடக் கெடு உண்டு. முதலில் "இலவசம்", "குறைபாடு", "ஒப்புக்கொள்வது" இந்த மூன்றுக்கும் என்ன பொருள் என்று முடிவு செய்துகொண்டு பேசினால் நல்லது.

ஷட்டர்செல்வம்

சரி வக்கீல் சார். எண்ணெய்தான்.

பழையரோல்

தூசி என்றுதான் எழுதினார்கள்.

எண்ணெய், எண்ணெய் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிற செல்வத்திடம் ஒன்று கேட்க வேண்டும். 2019 ஆடி மாதம் இதே தளத்தின் விற்பனைப் பகுதியில் எனக்கு ஒரு ஐம்பது எம்எம் லென்ஸ் விற்றார். அன்று அவர் எழுதிய வரி இன்னும் என்னிடம் இருக்கிறது: "முன் கண்ணாடிக்குள் லேசான தூசி, படத்தில் தெரியாது." பார்சலைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளை நூல் நூலாக வேர் விட்டு, நடுவிலிருந்து ஓரம்வரை படர்ந்திருந்தது பூஞ்சை. மருதாணிக் கோலம் தோற்றது. அன்று பூஞ்சைக்குத் "தூசி" என்று பெயர் வைத்தவர் இன்று நிக்கானின் தூசிக்கு "எண்ணெய்" என்று பெயர் வைக்கிறார். 2,500 ரூபாய் கொடுத்து நான் கற்ற பாடம் இது. பெயரில்தான் காசு.

ஷட்டர்செல்வம்

வந்துவிட்டதா லென்ஸ்! மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், இந்தத் தடவை கொஞ்சம் தாமதம்.

அனுப்பும்போது தூசிதான் இருந்தது. காவிரிக்கரை வீட்டில் மர பீரோவுக்குள் துணியோடு வைத்தால் பூஞ்சை பிடிக்காமல் பூசணியா பிடிக்கும்? சிலிக்கா ஜெல் பையைப் போட்டு வையுங்கள் என்று அன்றே சொன்னேன்.

பழையரோல்

பார்சல் பிரித்த அன்றைக்கே வேர் விட்டிருந்தது என்று சொல்கிறேன், பீரோ எங்கே வந்தது? திருப்பூரிலிருந்து கும்பகோணத்துக்கு வருகிற இரண்டு நாளில் பார்சல் லாரியில் முளைத்ததா?

நெல்லைக்கதிர்

பழைய பாடி வாங்குகிறவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். நிக்கானின் டி750 கேமராவிலும் 2014 கடைசியில் ஒரு புகார் வந்தது. வெளிச்சத்தைப் பார்த்து எடுத்தால் படத்தின் மேல்பக்கம் ஒளிச்சிதறல் கத்தி வெட்டியதுபோல நிற்கும். அதையும் இலவசமாகச் சரிசெய்தார்கள். சரிசெய்த பாடிக்கு அடையாளம், அடியில் முக்காலி மாட்டும் துளைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. வாங்கும்போது கவிழ்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். அதேபோல லென்ஸ் துளையை எஃப் 22 என்று மிகச் சிறிதாக வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். துளை அகலமான எஃப் 2.8-இல் எந்தப் புள்ளியும் தெரியாது, விற்கிறவர் அதைத்தான் காட்டுவார்.

ஷட்டர்செல்வம்

கடைசி வரி என்னைச் சொன்னதா?

நெல்லைக்கதிர்

இல்லை அண்ணே, பொதுவாகச் சொன்னேன்.

பழையரோல்

பொதுவாகச் சொன்னாலும் சரியாகத்தான் போய் உட்கார்ந்திருக்கிறது.

யாழ்க்குருவி

மன்னிக்க வேணும், ஒரு கேள்வி. என்ர கமராவில் எஃப் 16 வைத்தால் மேலே இடப்பக்கம் ஏழெட்டுப் புள்ளி. டுபாயில் இருக்கிற மாமா வாங்கித் தந்தது, உள்ளூர் வாரண்டி இல்லை. சென்சாரின் மேல்பக்கத்தைத் துடைத்தால் சரியா?

ஷட்டர்செல்வம்

மேலே இல்லை, கீழே. லென்ஸ் படத்தைத் தலைகீழாகத்தான் சென்சாரில் விழச் செய்யும். படத்தில் மேலே என்றால் சென்சாரில் கீழே. முதலில் ப்ளோயர். போகாவிட்டால் எண்ணெய்.

பழையரோல்

போகாவிட்டால் ஒட்டிய தூசியாகவும் இருக்கலாம். ஈரப்பதத்தில் மகரந்தத் தூள் பசைபோல ஒட்டும். எடுத்ததும் எண்ணெய் என்று முத்திரை குத்தாதே.

ஷட்டர்செல்வம்

அண்ணன் இப்போது நிக்கான் கட்சியில் சேர்ந்துவிட்டார். தூசி என்கிறார்!

பழையரோல்

நான் எந்தக் கட்சியும் இல்லை. நான் சொல்வது அறிவிப்பில் "தூசி" என்று இருந்தது என்பது. இருந்தது தூசியா என்று நான் சொல்லவே இல்லை. நாலு பக்கமாக இதைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன்?

மயிலைவாசி

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பதில் யாராவது சொன்னீர்களா? உள்ளூர் வாரண்டி இல்லை என்கிறது. நீங்கள் தூசியையும் எண்ணெயையும் பிசைந்துகொண்டிருக்கிறீர்கள்.

தம்பி, வாங்கின நாட்டில் சர்வதேச வாரண்டி உண்டா என்று அட்டையைப் பாருங்கள். பொதுவாக லென்ஸுக்கு ஒரு விதி, பாடிக்கு ஒரு விதி என்று வைத்திருப்பார்கள். மாமாவிடம் பில்லின் படத்தை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கி வையுங்கள். என் 240 ரூபாய் ஆட்டோவில் பில் தேவைப்படவில்லை என்பதற்காக உங்களுக்கும் தேவைப்படாது என்று நம்ப வேண்டாம்.

ஷட்டர்செல்வம்

240 ரூபாய் என்று மறுபடியும் அவரே சொல்லிவிட்டார். இலவசம் இல்லை.

பழையரோல்

மகன் வந்திருக்கிறான், சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். இரவு உட்கார்ந்து அந்த இரண்டு அறிவிப்பையும் வரிக்கு வரி தமிழில் போடுகிறேன். எல்லோரும் எண்ணிப் பாருங்கள், "எண்ணெய்" எத்தனை தடவை வருகிறது என்று. லென்ஸ் பணம் பற்றித் தனி இழை திறக்கிறேன்.

ஷட்டர்செல்வம்

போடுங்கள் அண்ணே. நான் ஸ்வாபைப் படம் பிடித்துப் போடுகிறேன். தனி இழைக்கு என் பெயரை வைக்காதீர்கள், போன தடவை வைத்ததே இன்னும் கூகுளில் வருகிறது.