மஞ்சளாகிப் போன புகையிலை: வைரஸ் ஆர்.என்.ஏ.வில் சில எழுத்துகள் செய்த வேலையை நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

கண்ணாடிக்குடில்:
ஒரு முதியவரின் குரல் இன்னும் என்னை விடவில்லை, அதனால் எழுதுகிறேன். 2008, ஜப்பான். ஆய்வு மாணவனாகச் சேர்ந்து மூன்றாவது மாதம். வெள்ளரித் தேமல் வைரஸைப் புகையிலை இலைகளில் தேய்த்திருந்தேன். திட்டுத் திட்டாகத் தேமல் வரும் என்று காத்திருந்தால், இளம் இலைகள் முழுக்க மஞ்சள். கிழங்கை அரைத்துப் பூசினாற்போல மஞ்சள். குடிலைப் பார்த்துக்கொள்பவர் உரம் போடவில்லை, மெக்னீசியக் குறை என்று நானே முடிவுகட்டி, அவரிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை. அடியிலை ஒன்றைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். நல்ல பச்சை. "குறை என்றால் இங்கேதான் தொடங்கும். இது மேலிருந்து வருகிறது" என்றார். நான் கேட்கவில்லை. இரண்டு வாரம் மெக்னீசியம் சல்பேட் ஊற்றினேன். ஒரு இலைகூடத் திரும்பவில்லை.

குழாயின் மேல் வைரஸின் பெயர் மட்டுமே இருந்தது. உள்ளே ஒய்-சாட்டிலைட்டும், அதாவது வைரஸை ஒட்டிக்கொண்டு திரியும் ஒரு குட்டி ஆர்.என்.ஏ.வும், இருந்திருக்கிறது. ஏ, யு, ஜி, சி என்ற நான்கால் ஆன 369 எழுத்து, ஒரு புரதமும் செய்யாது, பெருகுவதற்கும் வைரஸின் நொதியைத்தான் அண்டியிருக்கிறது. 2011இல் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காரணத்தை வெளியிட்டன. செடி தன் தற்காப்புக்காகச் சாட்டிலைட்டைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. அதில் 22 எழுத்துப் பகுதி ஒன்று, புகையிலையின் சொந்த மரபணு ஒன்றோடு பொருந்திவிடுகிறது. செடி தன் ஆர்.என்.ஏ.வையே வெட்டிக்கொள்கிறது. அது எந்த மரபணு? பச்சையத்தின் நடுவே மெக்னீசியத்தைப் பொருத்தும் நொதியின் ஒரு பகுதி! மெக்னீசியம் நிறைய இருந்தது, எடுத்துப் பொருத்தத்தான் கை இல்லை. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அந்தக் கட்டுரையைப் படித்தபோது அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டிருந்தார்.

வாற்கோதுமை:
என்னுடையது நோயே வராத கதை. புரோம் தேமல் வைரஸின் டி.என்.ஏ. நகலிலிருந்து குழாயில் ஆர்.என்.ஏ. தயாரித்து வாற்கோதுமையில் தேய்த்தேன். பதினான்காம் நாளும் நாற்றுகள் மழையில் குளித்ததுபோல் பளபளவென்று நின்றன. நான்கு மாதம் இப்படியே போயிற்று. கடைசியில் பார்த்தால், முன்முனையில் வைரஸுக்குச் சொந்தமில்லாத சில எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இந்த வைரஸின் நகல்களை முதன்முதலில் செய்தவர்கள் 1984லேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள், முன்முனையில் கூடுதல் எழுத்து சேர்ந்தால் தொற்றும் திறன் சரியும் என்று. படித்திருந்தேன், ஆனால் என் நகலைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. ஆரோக்கியமான செடியைப் பார்த்து அழுதது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

தக்காளித்தட்டு:
உருளைக்கிழங்குக் கதிர்க்கிழங்கு வைராய்டு. வைராய்டு என்றால் வைரஸைவிடச் சிறிய நோய்க்கிருமி, வெறும் ஆர்.என்.ஏ.: 359 எழுத்து கொண்ட வட்டம், உறைகூடக் கிடையாது. நடுத்தரமாக நோய் தரும் வகையில் 257ஆம் இடத்து யு-வை ஏ ஆக்கிய வடிவத்தைத் தக்காளியில் ஏற்றினோம். பக்கத்துத் தொட்டியில் மாற்றாத வகை. மூன்று வாரம் கழித்து மாற்றாதது முழங்கால் உயரம், மாற்றியது உச்சி தட்டையாகி ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது. சரி, இதில் வைராய்டு அதிகம் பெருகியிருக்கும் என்று ஆர்.என்.ஏ. எடுத்து ஓட்டிப் பார்த்தோம். படலத்தில் இரண்டு பட்டைகளும் ஒரே கருமை. பெருக்கம் மாறவில்லை, நோய் மட்டும் மாறியிருக்கிறது. 2003இல் வெளிவந்த கட்டுரை சொன்னதும் இதையேதான். ஆனாலும் அந்த இரண்டு பட்டைகளை என் கண்ணால் பார்க்கும்வரை நான் நம்பியிருக்கவில்லை.

எதிர்க்கரை:
கண்ணாடிக்குடில் அவர்கள் எழுதியதைப் படித்தால் சாட்டிலைட் என்றாலே கேடு என்று தோன்றும். அது சரியில்லை. வெள்ளரித் தேமல் வைரஸின் சாட்டிலைட்டுகளில் பெரும்பாலானவை நோயைத் தணிப்பவை. வைரஸின் நொதியைப் பங்குபோட்டுக்கொள்வதால் வைரஸ் பெருகுவது குறைகிறது. சீனாவில் 1980களில் மிளகாய்ச் செடிகளுக்கு இதையே தடுப்பூசிபோல் கொடுத்தார்கள். நான் கண்டதைச் சொல்கிறேன்: ஒரே சாட்டிலைட் கலவை, புகையிலையில் தேமல் ஏறக்குறைய மறைந்தது, அதே நாளில் தேய்த்த தக்காளி தண்டு கருகி விழுந்தது. 1972இல் பிரான்சின் அல்சாஸில் தக்காளி வயல்களைக் கருக்கியதும் இந்த வகைதான். எனவே "இந்த ஆர்.என்.ஏ. கொடியது" என்று எழுதாதீர்கள், எந்தச் செடியில் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

கண்ணாடிக்குடில்:
ஒப்புக்கொள்கிறேன். ஒய்-சாட்டிலைட்டும் தக்காளியை மஞ்சளாக்காது, அங்கே அந்த மரபணுவில் எழுத்து வேறு. தக்காளிக்குப் பொருந்தும்படி அந்த 22 எழுத்துகளை மாற்றி எழுதியபோது தக்காளியும் மஞ்சளாயிற்று. ஆனால் தடுப்பூசி யோசனையில் எனக்கு அச்சம் உண்டு. சாதுவான சாட்டிலைட் ஒன்று தானாகவே மாறிக் கொடியதாகியிருக்கிறது, 1996இல் அச்சில் வந்த செய்தி. அதை வயலில் விடுவதா?

இரண்டு ஏக்கர்:
நான் ஆராய்ச்சி செய்பவன் அல்ல, பப்பாளி வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு காய்களில் எண்ணெய் தோய்ந்தாற்போல வளையங்கள், வளையப்புள்ளி வைரஸ். முதல் வளையத்தை விரலால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த வைரஸைக் கொண்டுவரும் அசுவினிக்கு மருந்து அடித்துப் பணத்தைத் தொலைக்காதீர்கள். அது பப்பாளியில் குடியிருப்பதில்லை, பறந்து வந்து சில நொடி குத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும். மருந்து வேலை செய்வதற்குள் நோய் ஏறிவிடும். நாற்றை நைலான் வலைக்குள் வளருங்கள். நடுவதற்கு ஒரு மாதம் முன்பே வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் போடுங்கள், பூச்சி முதலில் அதில் வாயைத் துடைத்துக்கொள்ளும். தேமல் கண்ட கன்றை அன்றே பிடுங்கிப் புதையுங்கள், காய்க்கட்டும் என்று பார்த்தால் பக்கத்துக் கன்றும் போகும். பூசணி, சுரை, பீர்க்கு எதுவும் அருகில் வேண்டாம், அவற்றில் தேமல் கண்டால் பப்பாளிக்கும் அதுதான் என்று வையுங்கள்.

வாற்கோதுமை:
அய்யா, கடைசி வரியில் ஒரு திருத்தம். இந்த வளையப்புள்ளி வைரஸில் சுரைக் குடும்பத்தை மட்டும் தாக்கும் வகை தனியே உண்டு. அது பப்பாளியில் பிடிக்காது. பப்பாளியைத் தாக்கும் வகைதான் இரண்டிலும் வளரும். வித்தியாசம், வைரஸின் புரதம் வெட்டும் நொதி ஒன்றில் ஓரிரு அமினோ அமிலங்கள்.

இரண்டு ஏக்கர்:
பூசணியின் இலையைப் பார்த்து எந்த வகை என்று நான் எப்படி அறிவேன்? நீங்கள் படித்ததைச் சொல்கிறீர்கள், நான் பிடுங்கியதைச் சொல்கிறேன். பூசணி வேண்டாம் என்பதுதான் என் சொல். மக்னீசியம் ஊற்றிய அய்யாவிடம் ஒரு கேள்வி. அந்த முதியவரைப் பிறகு பார்த்தீர்களா?

கண்ணாடிக்குடில்:
இல்லை. முகவரி கேட்டு வாங்கி ஜப்பானிய மொழியில் ஒரு கடிதம் எழுதினேன். மஞ்சளுக்கு என்ன காரணம் என்று படமும் வரைந்திருந்தேன். பதிலாக ஓர் உறை வந்தது. கடிதம் இல்லை. அவர் தோட்டத்துக் கத்தரியின் இலை ஒன்று மட்டும், தாளுக்கு நடுவில் அழுத்தி உலர்த்தியது. அடியிலை. நரம்புகள் பச்சையாக, இடையில் எல்லாம் மஞ்சள்.